மேனேஜருக்குக் காய்ச்சல்

உடம்பு கொதித்தால் ஏசி மெக்கானிக்குக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: குளிர வைப்பது. மேனேஜருக்கும் அதையே செய்தார்.

மேனேஜர் என்பது அவர் வீட்டுப் பூனை. மனைவி தையல் மிஷினில் உட்கார்ந்ததும் எதிரே துணிக் குவியலின்மேல் ஏறிப் படுத்து, வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும். பெயர் அப்படி வந்ததுதான்.

இப்போது அது மூக்கு ஒழுக, கண்ணில் பீளை கட்டி, கட்டிலுக்கடியில் சுருண்டு கிடந்தது. ஏசி முழு வேகத்தில் ஓடியது. காதில் ஈரத்துணி வேறு. கிண்ணத்தில் மீன் தொடப்படாமல் காய்ந்தது.

"எனக்கே பல்லு தந்தியடிக்குது. பாவங்க அது," என்றாள் மனைவி.

"கம்ப்ரசர் சூடானா சும்மா விடுவோமா?"

"அது கம்ப்ரசர் இல்லீங்க. மேனேஜர்."

கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போனார்கள். டாக்டரம்மா பூனையைத் தொட்டதும் நிமிர்ந்தார்.

"இவ ஏன் நனைஞ்சிருக்கா?"

மெக்கானிக் சற்றுப் பெருமையாகவே விளக்கினார். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அண்ணே, இந்தச் சூட்டை ஏத்தி வெச்சிருக்கறது இவ உடம்புதான். சூட்டுல வைரஸ் பெருகத் திணறும், வெள்ளணு சுறுசுறுப்பா சண்டை போடும். இவ அடுப்பு மூட்டறா, நீங்க தண்ணி ஊத்தி அணைக்கிறீங்க."

அவர் முகம் சுண்டிவிட்டது. "அப்ப நான்தான் கெடுத்தேனா?"

"ஒண்ணும் கெட்டுப் போகல. ரொம்ப ஏறினா நான் பாத்துக்கறேன். நீங்களா மனுஷ மாத்திரை எதுவும் கொடுத்துடாதீங்க, பூனைக்கு அது விஷம். தடுப்பூசி போட்டிருக்கறதால இந்த வைரஸோட முகம் இவ உடம்புக்கு ஏற்கெனவே தெரியும். என் கவலை சாப்பாடுதான். மூக்கடைச்சா வாசனை தெரியாது. வாசனை தெரியாததைப் பூனை வாயில வைக்காது. பட்டினி நீண்டா ஈரல் கெட்டுடும். காலையிலயும் சாப்பிடலன்னா கொண்டு வாங்க, குழாய் போட்டுத்தான் ஊட்டணும்."

ஆவி காட்டச் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் மெக்கானிக் முதலில் ஏசியை அணைத்தார். குளியலறையில் வெந்நீர் வாளியை எட்ட வைத்து, கதவைச் சாத்தி, மேனேஜரை மடியில் போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். ஊர் வெக்கையையெல்லாம் விரட்டிப் பிழைத்த மனிதருக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"வெந்துட்டீங்களா, இன்னும் கொஞ்சம் விடணுமா?" என்றாள் மனைவி வெளியிலிருந்து.

"கிண்டல் அப்புறம். மீனைச் சூடு பண்ணு. வாசனை நல்லாக் கிளம்பணும்."

அவள் மசித்துக் கொண்டுவந்த மீனை அவர் விரலில் எடுத்து நீட்டினார். மேனேஜர் முகத்தைத் திருப்பிக்கொண்டது. காலையில் குழாய்தானோ என்று இருவருக்கும் பயம் வந்தது. அவள் இன்னொரு வாளி கொண்டுவந்தாள். அவரும் விரலை எடுக்கவில்லை.

ஆவி சுவரில் நீராகி வழியத் தொடங்கியபோது மேனேஜர் தும்மியது. ஒரு தும்மல் அல்ல, வரிசையாக. மூக்கில் இருந்த அத்தனையும் மெக்கானிக்கின் தாடைக்கு வந்து சேர்ந்தது.

அவர் அசையவில்லை. பூனையின் மூக்கு நுனி லேசாகத் துடித்தது. கழுத்து நீண்டது. முதலில் விரலை முகர்ந்தது, பிறகு நக்கியது, பிறகு கிண்ணத்தையே தேடியது.

"சாப்பிடறா, சாப்பிடறா!" என்று அவள் கிசுகிசுத்தாள். "தாடையைத் துடைச்சுக்கோங்க."

"ரெண்டு கையும் வேலையா இருக்கு. நீயே துடை."

துண்டை எடுத்து வந்து அவள் முதலில் மேனேஜரின் மூக்கைத் துடைத்தாள். பிறகு மறுமுனையால் அவர் தாடையை.