விளிம்புக்கு அடியில்

பழைய சிங்க்கைச் சுற்றியிருந்த பசையை மூன்று பக்கம் அறுத்து முடித்து, நான்காவது பக்கத்தில் கத்தியை நுழைத்திருந்தார் 'அஞ்சு நிமிஷம்'. எந்த வேலையையும் "அஞ்சு நிமிஷம்தாம்மா" என்று தொடங்கி அந்தியில் முடிக்கிற பிளம்பருக்குத் தெரு வைத்த பெயர் அது. அப்போதுதான் முன்னறையில் டம்ளர் விழுந்து உருளும் சத்தம் கேட்டது.

மருமகள் ஓடிப் போய்ப் பார்த்தாள். மாமனார் எப்போதும்போல நாற்காலியில்தான் இருந்தார். தலை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. "மாமா" என்றாள். தோளைத் தொட்டு இன்னொரு முறை கூப்பிட்டாள். டம்ளர் கட்டிலுக்கு அடியில் போய் நின்றிருந்தது.

முப்பது வருடம் லாரி ஓட்டிய மனுஷர், ஒரு முனகல்கூட இல்லாமல் போய்விட்டார். வந்தவர்கள் எல்லோரும் "படுக்கையில கிடக்காம போனாரே, கொடுத்து வச்சவர்" என்றார்கள். மருமகளால் மட்டும் அழ முடியவில்லை. முந்தின நாள் அவள் வாயிலிருந்து விழுந்த வார்த்தை காதிலேயே ஒலித்துக்கொண்டிருந்தது.

எல்லாம் இந்த சிங்க்கால் வந்தது. அதன் தகர விளிம்பு கல்மேடைக்கு மேலே ஏறி உட்கார்ந்திருக்கும். ஓரமெல்லாம் அழுக்கு, துடைக்கிற தண்ணீர் விளிம்பில் முட்டித் திரும்பி வயிற்றை நனைக்கும். கல்லுக்கு அடியில் தொங்குகிற மாதிரி ஒன்று போட்டால் ஒரே தள்ளில் தண்ணீர் உள்ளே போய்விடும் என்றாள்.

"இருபத்திரண்டு வருஷமா நல்லாத்தானேம்மா இருக்கு?"

"நீங்க போட்டதாச்சே, பின்ன என்ன சொல்லுவீங்க! அந்த விளிம்பைத் தூக்கினா தெரியும் மாமா உங்க லட்சணம்."

சும்மா சொல்லவில்லை. பீரோவுக்குப் பின்னால் சுவருக்குச் சுண்ணாம்பே அடிக்காதவர் அவர். சட்டைக்கு மூன்று நிறத்தில் பொத்தான். கேட்டால் ஒரே பதில்: "யாரு பாக்கப் போறா?" அன்றைக்கும் சிரித்துக்கொண்டே அதைத்தான் சொன்னார். அவள் பேச்சை வெட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நாக்கில் சனி, வேறென்ன!

எல்லாம் முடிந்த மறுநாள் காலையில் அஞ்சு நிமிஷம் வாசலில் தயங்கி நின்றார்.

"அறுத்ததை அப்படியே விட்டா தண்ணி இறங்கி அடியில பலகையெல்லாம் ஊறிடும்மா. பழசை எடுத்து மட்டும் வச்சிடறேன். ஓட்டையோட ஓரத்தைத் தேய்க்கிறதுக்கு இன்னொரு நாள் வரேன். இது மெஷின் சத்தம் போடற நேரமில்ல."

"ஓரத்தை எதுக்குத் தேய்க்கணும்?"

"மேல விளிம்பு மூடிக்கும்னா, கல்லைக் கன்னாபின்னான்னு வெட்டி விட்டுடுவாங்க. எல்லாரும் அப்படித்தான். இப்ப மூட ஒண்ணும் இல்லையே, வெட்டின இடம் வெளிய தெரியுமே."

கரடுமுரடாக இருந்துவிட்டால் அவள் சொன்னது சரியாகிவிடும். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தான் சொன்னது தப்பாக இருக்க வேண்டுமே என்று தவித்தாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் சிங்க்கைத் தூக்கிவிட்டார்.

ஈரத்துணியால் ஓரத்தைத் துடைத்தவர் அப்படியே நின்றார். பிறகு ஒரு விரலை வைத்து மெதுவாகச் சுற்றி வந்தார்.

"அம்மா, இங்க வாங்க."

கறுப்புக் கல்லின் வெட்டுமுகம் நான்கு பக்கமும் பளபளவென்று இருந்தது. ஜன்னல் கம்பிகள் அதில் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. மூலைகள் நான்கும் ஒரே வளைவு. அடிப்பக்கம்கூட, யாரும் குனிந்தாலும் பார்க்க முடியாத அந்த அடிப்பக்கம்கூட, கன்னம் மாதிரி வழவழவென்று இருந்தது.

"எங்க ஆளுங்க மெஷின்லயே இப்படி வராதும்மா. யார் செஞ்சது?"

"அவருதான். கையால." மாமியார் அடுப்படி வாசலில் வந்து நின்றிருந்தாள். "லீவுல வந்த எட்டு நாளும் சாணைக்கல்லும் உப்புத்தாளுமா இங்கயேதான் கிடந்தாரு. கை கொப்புளிச்சுப் போச்சு. எனக்குச் சமைக்க இடமில்ல. மூடப்போற இடத்தை இந்தத் தேய் தேய்க்கிறீங்களே, யாரு பாக்கப் போறான்னு நான்தான் கத்தினேன்."

"மாமா என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. தேச்சுக்கிட்டே இருந்தாரு." மாமியார் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அன்னைக்குப் புடிச்சுக்கிட்டாரு அந்த வார்த்தையை. அதுக்கப்புறம் எது கேட்டாலும் அதைச் சொல்லியே என்னைக் கிண்டல் பண்ணுவாரு."

மருமகள் அந்த ஓரத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். பன்னிரண்டு வருடமாக இந்தக் கல்லில் வயிறு பட நின்றிருக்கிறாள். ஒரு தகரத்தின் கனம்தான் இடையில் இருந்திருக்கிறது. எப்பேர்ப்பட்ட மனுஷர்! அவள் அப்படிச் சொன்னபோதுகூட ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

இனி மெஷினே தேவையில்லை என்றார் பிளம்பர். "இதுல நான் கை வைக்க மாட்டேன். அடியில தொட்டியை மாட்டினா போதும், அஞ்சு..." என்று தொடங்கியவர் அதோடு நிறுத்திக்கொண்டார்.

அவர் போன பிறகு ஓட்டைக்கு அடியில் ஒரு வாளியை வைத்தாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து மாமாவின் டம்ளரை எடுத்து வந்து கழுவிக் கவிழ்த்தாள். கல்மேல் சிந்திய தண்ணீரை உள்ளங்கையால் தள்ளினாள். எதிலும் முட்டாமல் அது கல்லின் ஓரம் தாண்டி வாளிக்குள் விழுந்தது.

கழுவ வேறொன்றும் இல்லை. இன்னொரு குவளைத் தண்ணீரைக் கல்லின்மேல் ஊற்றி, மறுபடியும் தள்ளினாள்.