அம்மாவுக்கு வைத்த வார்த்தை

வாடகை நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாகச் செருகித் தூக்கிக்கொண்டு அவன் படியிறங்கினான். வேன் வர இன்னும் நேரம் இருந்தது. அவற்றை இப்போதே கீழே கொண்டுபோக வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் சும்மா உட்கார்ந்தால் யாராவது வந்து கையைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

"டேய், வச்சுட்டு வாடா. மயானத்துலேர்ந்து வந்ததும் வராததுமா இது என்ன வேலை?" பெரியப்பா படிக்கட்டின் நடுவில் நின்றார். "கப்பல்ல வேலை பார்த்த என் சிநேகிதன் ஒருத்தன், அவன் பொண்டாட்டி போனப்பவும் இப்படித்தான் நிலைகொள்ளாம..."

கேரலஸ். ஓயாமல் பேசுபவர்.

வார்த்தை தானாக வந்து நின்றது. நாற்காலிகளைச் சுவரோரம் வைத்துவிட்டு, பெரியப்பாவைத் தாண்டி மறுபடியும் மேலே ஏறினான்.

அவன் மனைவிக்கு இந்த ஆங்கில வார்த்தைகள் மண்டையில் நிற்கவே இல்லை. வெளிநாட்டில் மேலே படிக்க ஒரு பரீட்சை. அதில் பாதி, வாழ்நாளில் யாரும் பேசாத வார்த்தைகள். உருப்போட்டுப் பார்த்தாள். சமையலறைச் சுவரெல்லாம் ஒட்டிப் பார்த்தாள். கடைசியில் ஒவ்வொரு வார்த்தையையும் தெரிந்த ஒரு ஆளின் தலையில் கட்டினாள். அதற்குப் பிறகு ஒன்றும் மறக்கவில்லை. பெரியப்பா கேரலஸ். கைக்குட்டையால் துடைக்காமல் எதிலும் உட்காராத மேல்வீட்டு அக்கா ஃபாஸ்டிடியஸ். அவன் டாசிடர்ன், கேட்டதற்கு மேல் வாய் திறக்காதவன். "உங்களைக் கட்டிக்கிட்டதுல கண்ட லாபம் ஒரே ஒரு வார்த்தை" என்று சிரிப்பாள்.

இன்று காலையிலிருந்து வார்த்தைகள் ஒவ்வொன்றாக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துகொண்டிருந்தன.

ஹால் மூலையில் மாமியார் உட்கார்ந்திருந்தார். ஆப்டியூரேட். கல்யாணத்துக்கு வராதவர். அதற்குப் பிறகு மகளிடம் ஒரு வார்த்தை பேசாதவர். நேற்றுத் தையல் கடையில் வேலை செய்தபோது கட்டியிருந்த புடவையோடு வந்திருந்தார். தோளருகே குத்திய ஊசியில் மஞ்சள் நூல் தொங்கியது. கைப்பையை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். உடலை எடுத்தபோதும் அப்படியே இருந்தாராம்.

சமையலறையில் மச்சினி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு அக்காவைப் பார்க்க வந்துபோனவள் அவள் ஒருத்திதான்.

"மாமா, அம்மா உங்ககிட்ட என்னமோ கேக்கணுமாம்."

"என்ன?"

"அக்கா கடைசியா என்ன சொன்னான்னு. நீங்கதானே கூட இருந்தீங்க."

"கேஸ் தீர்ந்துபோச்சா பாரு."

"மாமா."

"போறேன்."

போகவில்லை. சிலிண்டரை ஆட்டிப் பார்த்தான். ஜன்னலைத் திறந்தான், மூடினான். அவன் சட்டைப் பையில் மனைவியின் ஃபோன் அடித்தது.

"மேடம் சனிக்கிழமை எக்ஸாமுக்கு வர்றாங்களான்னு கன்ஃபர்ம் பண்ணத்தான் சார்." ஒரு பெண்ணின் உற்சாகமான குரல்.

"வர மாட்டாங்க."

"வேற டேட் போடட்டுமா சார்?"

வேண்டாம் என்று சொன்னால் போதும். "யோசிச்சு சொல்றேன்" என்று வைத்தான்.

ஹாலில் மிச்சமிருந்த நாற்காலிகளைச் சேர்க்கப் போனான். மாமியார் உட்கார்ந்திருந்ததையும் அதன் பக்கத்தில் கிடந்ததையும் விட்டால் வேறெதுவும் இல்லை.

"தம்பி."

அவரை எப்படிக் கூப்பிடுவது என்ற கேள்வி அவனுக்கு இதுவரை வந்ததில்லை. பக்கத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

"கடைசியா என்ன பேசினா?"

"படிச்சுக்கிட்டிருந்தோம்."

"ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போற நேரத்துலயா?"

"குடல்வால்தானே, ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னாங்க. இவதான் பயமா இருக்கு, வார்த்தை கேளுங்கன்னா. கேட்டேன்."

"என்னைப் பத்தி எதுவும் பேசலையா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். எழுந்தான். உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கினான். கொஞ்ச நேரம் அதைப் பிடித்தபடி நின்றுவிட்டு, கீழே வைத்து மறுபடியும் உட்கார்ந்தான்.

"ஞாபகம் இருக்கறதுக்காக ஒவ்வொருத்தருக்கும் ஒரு வார்த்தை வச்சிருந்தா. உங்களுக்கும் ஒண்ணு."

"என்னது?"

"ஆப்டியூரேட்."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

அவன் தரையைப் பார்த்தான். "மனசு இளகாதவங்க."

மாமியாரின் விரல் ஊசியைத் தேடிப்போய்த் தொட்டது. "சரியாத்தான் வச்சிருக்கா."

"இல்லைங்க. நேத்து அதைக் கேட்டேன். அர்த்தம் டக்குனு சொல்லிட்டா. ஆளு யாருன்னேன். அம்மாவை அதுலேர்ந்து எடுத்துடுங்க, பொருந்தலைன்னு சொன்னா."

அவர் நிமிர்ந்தார்.

"நேத்து காலையில உங்களுக்கு ஃபோன் பண்ணியிருக்கா. நீங்க எடுத்தீங்களாம். பேசலையாம்."

"என்ன பேசறது..."

"எடுக்கும்போது தையல் மெஷின் ஓடுற சத்தம் கேட்டுதாம். இவ அம்மான்னதும் நின்னுபோச்சாம். சின்ன ஆபரேஷன்தான், பயப்படாதேன்னு சொல்லி முடிச்சு, வைக்கிற வரைக்கும் மறுபடி ஓடவே இல்லைன்னு சொன்னா. அம்மாவுக்கு வேற வார்த்தை பார்க்கணும், வந்து சொல்றேன்னா. அதுக்குள்ள ஆபரேஷன் தியேட்டர் கதவைத் திறந்துட்டாங்க."

இவ்வளவு சேர்ந்தாற்போல் அவன் பேசி வெகுநாள் ஆகியிருந்தது. சமையலறையில் டம்ளர் சத்தம் நின்றிருந்தது.

மச்சினி கையைத் துடைத்துக்கொண்டே சமையலறை வாசலுக்கு வந்தாள். "அம்மா, சாயங்கால பஸ்ஸைப் பிடிக்கணும்னா இப்பவே கிளம்பணும்."

மாமியார் மடியிலிருந்த பையை எடுத்துத் தரையில் வைத்தார். பிறகு காலால் மெல்ல நாற்காலிக்கு அடியில் தள்ளினார்.

கீழே வேன் ஹாரன் அடித்தது. பெரியப்பா யாரிடமோ கப்பல் கதையை முதலிலிருந்து ஆரம்பித்திருந்தார். பக்கத்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவன் படியிறங்கினான். வேன்காரர் நாற்காலிகளை எண்ணிவிட்டு அவனைப் பார்த்தார்.

"ஒண்ணு குறையுதே தம்பி."

"அது இருக்கட்டும்ண்ணே" என்றான். "நாளைக்குத் தரேன்."