மூன்றாம் மாடிக்கு ஒரு கடிதம்

1.

இந்தக் கதையை ஒரு லிஃப்ட் கதவிலிருந்து திருடினேன். பல் டாக்டரைப் பார்க்கப் போன கட்டடத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது: 'லிஃப்ட் பழுது. சிரமத்துக்கு வருந்துகிறோம்.' அதன் கீழே யாரோ பேனாவால், 'வருந்துறது யாரு?' என்று கேட்டிருந்தார்கள். நான்கு மாடி ஏறியும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பல்லைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, வருந்துகிற ஆளை நானே உண்டாக்கினேன்.

2.

முதல் தொடக்கம்: 'காலை வெயில் கட்டடத்தின் நெற்றியில்...' வேண்டாம். என் ஆள் வெயிலைப் பார்க்கிறவர் இல்லை. லிஃப்ட் குழிக்குள் டார்ச் அடித்துப் பார்க்கிறவர்.

இரண்டாவது: லிஃப்ட் மெக்கானிக்குக்கு மோட்டாரின் சத்தத்தைக் கேட்டே நோய் சொல்லத் தெரியும். மனிதர்களிடம் பேசச் சொன்னால்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். [இது இருக்கட்டும்.]

மூன்று வாரத்துக்கு முன் ஒரு குடியிருப்பின் சர்வீஸ் சீட்டில், 'பிரேக் லைனிங் 2 மி.மீ.' என்று எழுதினார். இன்னொரு மெக்கானிக் படித்திருந்தால், பிரேக் தேய்ந்து தீரப்போகிறது என்று அன்றே லிஃப்டை நிறுத்தியிருப்பார். படித்தவர் கட்டடச் செயலாளர். சீட்டில் இருந்த இருபது எண்களில் அதுவும் ஒன்று என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டார். சொல்லியாகிவிட்டது என்ற நிம்மதியில் மெக்கானிக் அடுத்த கட்டடத்துக்குப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை லிஃப்ட் தரைத்தளத்தில் நிற்காமல் வழுக்கிக் குழியில் போய் இடித்தது. உள்ளே மூன்றாம் மாடித் தையல்காரம்மா இருந்தார். கணுக்கால் முறிந்தது. தையல் மிஷின் மிதிக்கிற வலது கால்.

3.

மெக்கானிக் மூன்று பேருக்கு எழுத வேண்டியிருந்தது. கம்பெனிக்கான அறிக்கை பத்து நிமிடத்தில் முடிந்தது. குடியிருப்பவர்களுக்கான அறிவிப்பை சூப்பர்வைசர் போனில் சொல்லச் சொல்ல எழுதினார்.

"எதிர்பாராத தொழில்நுட்பக் கோளாறுன்னு போடுங்க."

"நான் எதிர்பார்த்தேனே சார்."

"அதை எங்கிட்ட சொல்லலாம். சுவத்துல ஒட்ட முடியுமா? ஆளுக்கு ஏத்த மாதிரி சொல்லணும்ங்க. இதை மீறி வேற எதாவது எழுதினீங்கன்னா, நாளைக்கு உங்களை என்னால காப்பாத்த முடியாது."

[குறிப்பு: சூப்பர்வைசரை வில்லனாக்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அவர் செய்ததைத்தான் நானும் செய்கிறேன். பதிப்பாளரிடம் இது 'மொழியின் எல்லைகளை விசாரிக்கும் படைப்பு'. அக்காவிடம், 'ஒரு லிஃப்ட் கதை, அக்கா'.]

4.

மூன்றாவது, தையல்காரம்மாவுக்கு. அதை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதியதை மனைவியிடம் நீட்டினார்.

"லைனிங் தேஞ்சுதுன்னா அந்தம்மாவுக்கு என்ன புரியும்? கோட்டுக்கு உள்ள வச்சுத் தைக்கிற துணின்னு நினைப்பாங்க."

அடித்துவிட்டு மறுபடி எழுதினார். பக்கம் முழுக்க மன்னிப்பு.

"இது உங்க மனசு ஆறறதுக்கு எழுதினது," என்றார் மனைவி. "அவங்களுக்கு என்ன தெரியணும்? அதை எழுதுங்க."

மெக்கானிக்குக்குக் கோபம் வந்தது. [நியாயமான கோபம். எனக்கும் என் முதல் வாசகர்மேல் வரும்.] ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு எழுதினார்:

'அம்மா, பிரேக் தேய்ந்துபோனது மூன்று வாரம் முன்பே எனக்குத் தெரியும். எழுதிக் கொடுத்தேன், புரிகிற மாதிரி எழுதவில்லை. லிஃப்டை நிறுத்துங்கள் என்று வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.'

மனைவி இரண்டு தடவை படித்தார்.

"புரியுதா?"

"நல்லாப் புரியுது. அதான் பயமா இருக்கு. இது வெளிய போனா உங்க வேலை போயிடும்."

5.

முடிவு ஒன்று: கிழித்துப் போடுகிறார். அந்தம்மா காலமெல்லாம் தன் நேரம் சரியில்லை என்று நம்பிக்கொண்டிருப்பார். எனக்கு மனசு வரவில்லை.

முடிவு இரண்டு: கொடுக்கிறார், அந்தம்மா கண் கலங்கி மன்னிக்கிறார். கால் வலிக்கிற யாரும் அவ்வளவு சீக்கிரம் மன்னிப்பதில்லை. எழுதினால் நானே என்னைக் கேலி செய்வேன்.

ஆகவே நடந்தது இவ்வளவுதான். படியேறிப் போய் மூன்றாம் மாடிக் கதவைத் தட்டினார். உள்ளே மிஷின் ஓடியது, தடுமாறி நின்றது, மறுபடி ஓடியது. பழக்கமில்லாத இடது கால்.

"யாரு?"

'கம்பெனியிலிருந்து' என்று சொல்லியிருக்கலாம். "லிஃப்ட் பாக்கறவன்மா," என்றார்.

"கதவு தொறந்துதான் இருக்கு. என்னால எழுந்து வர முடியாது."

உள்ளே போய்க் கடிதத்தை நீட்டினார்.

"கண்ணாடி அன்னிக்கு லிஃப்ட்லயே உடைஞ்சு போச்சு. தையல் கைப்பழக்கத்துல ஓடுது, எழுத்துதான் தெரியல. நீங்களே படிச்சுச் சொல்லுங்க."

இதை அவர் எதிர்பார்க்கவில்லை, நானும்தான். நின்றபடியே வாசித்தார். ஒரு வரியையும் விடவில்லை.

அதைக் கேட்ட தையல்காரம்மா

இல்லை, இந்த வாக்கியத்தை நான் முடிக்க மாட்டேன். உடைந்தது என் கால் இல்லை. மாவுக்கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டி, மடியில் பாதி தைத்த துணியோடு இப்போது நீங்கள்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். அவர் வாசித்து முடித்துவிட்டார். பேப்பரை மடிக்கத் தெரியாமல் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். சொல்லுங்கள்.