குழாய்க்கு வேண்டிய இடம்

புது மெஷினுக்கு வந்த மூன்று கொட்டேஷன்களையும் ஒப்பிட்டு ஒரே தாளில் எழுதச் சொல்லி அண்ணன் என் முன்னால் போட்டான்.

"விலைய முதல்ல எழுதாத. அதப் பாத்துட்டா மத்தது எதுவும் கண்ணுல படாது எனக்கு."

அதனால் நீளத்தை முதலில் எழுதினேன். அதற்கு எனக்கென்று ஒரு காரணமும் இருந்தது. எங்கள் ஷெட்டின் உள்நீளம் பத்து மீட்டர் இருபது சென்டி. கடைசிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் அறை. இரண்டு கட்டில், ஒரு அலமாரி, தையல் மெஷின், கிழக்கே ஒரு ஜன்னல். அதில் நானும் அத்தையும் இருக்கிறோம். வீட்டின் மற்ற இரண்டு அறைகள் அண்ணன் குடும்பத்துக்கே பற்றாது. பெரிய மெஷின் வாங்கும் பேச்சு வந்த அன்றே அத்தை நேராகக் கேட்டுவிட்டாள்.

"சுவத்துல கை வைப்பியாடா?"

"வைக்க மாட்டேன் அத்தை. பத்து மீட்டருக்குள்ள அடங்குற மெஷின்தான் வாங்குவேன்."

நாங்கள் செய்வது காகிதக் குழாய். பழுப்புக் காகிதப் பட்டைகளைப் பசையில் முக்கி, சுழலும் இரும்புக் கம்பியில் சாய்வாகச் சுற்றி, கட்டரில் வெட்டிக் காயவைத்தால் குழாய். நூல் மில்லுக்குப் போவது ஒரு சாண் நீளம். இப்போது கம்பளம் செய்யும் கம்பெனி ஒன்று, கம்பளத்தைச் சுற்றி வைக்க நாலு மீட்டர் குழாய் கேட்டது. எங்கள் பழைய மெஷினில் அது நடக்காது.

கொட்டேஷன் அனுப்பிய மூன்று பேருக்கும் எங்கள் ஃபிட்டர் பெயர் வைத்திருந்தார். ஒருவர் நாளைக்கு மூன்று முறை கூப்பிடும் ஃபோன்காரர். இன்னொருவர் சனிக்கிழமை வரைதான் இந்த விலை என்ற சலுகைக்காரர். மூன்றாமவர் கேள்விக்காரர். காகிதம் எவ்வளவு ஈரம், கரண்ட் எத்தனை வோல்ட், குழாய் எவ்வளவு நீளம், ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டு எங்களைப் படாத பாடு படுத்தியபின்தான் விலை சொன்னார். அதுவும் மற்றவர்களைவிட ஐந்தில் ஒரு பங்கு கூட.

சலுகைக்காரர் மெஷின் எட்டு மீட்டர் எண்பது. ஃபோன்காரருடையது ஒன்பது இருபது. கேள்விக்காரருடையது பதின்மூன்று இருபது.

"இவரு மெஷின் விக்கிறாரா, ரயில் விக்கிறாரா?" என்று அண்ணன் கேள்விக்காரர் பெயரைச் சிவப்பு மையால் அடித்தான். என் மனசு லேசானது. அடித்த பெயருக்கும் மற்ற விவரங்களை எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்தேன். எத்தனை அடுக்குக் காகிதம், மோட்டார் எவ்வளவு, மாற்றுக் கத்தி எத்தனை, பொருத்த வரும் ஆளின் பயணச் செலவு யார் தலையில்.

மற்ற இருவரும் மெஷினைப் பளபளவென்று படம் எடுத்து ஒட்டியிருந்தார்கள். கேள்விக்காரர் கோடு போட்ட வரைபடம் அனுப்பியிருந்தார். அதில் கட்டருக்கு அப்புறம் ஒரு நீளக் கட்டம். பக்கத்தில், 'குழாயைத் தாங்கும் மேசை, 4.2.' பதின்மூன்று இருபதில் அதைக் கழித்தேன். ஒன்பது மீட்டர். மற்ற மெஷின்களின் அளவுதான். அவர்களுடைய படங்களை மறுபடி பார்த்தேன். இரண்டும் கட்டரோடு முடிந்திருந்தன.

இது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. இத்தனை வருஷமாக ஒரு சாண் குழாய் கட்டரைத் தாண்டியதும் கூடையில் விழுந்துகொண்டிருந்தது. கூடைக்கு இடம் வேண்டும் என்று தெரியும். குழாய்க்கு இடம் வேண்டும் என்று அந்த ஷெட்டில் யாரும் நினைத்ததில்லை.

எந்த மெஷின் வந்தாலும் சுவர் போகும். வாயை மூடிக்கொண்டிருந்தால் மெஷின் வந்து இறங்கிய அன்று போகும். சொன்னால் இன்றைக்கே போகும். தாளை மடித்துக்கொண்டு அத்தையிடம் போனேன். ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள்.

"அவன்கிட்ட சொன்னியா?"

"இல்ல அத்தை."

"ஏன்?"

"நம்ம ரூம்..."

"ரூம் கிடக்கட்டும். மெஷின் வந்து நின்னப்புறம் இடிச்சான்னா நம்ம சாமான எங்க வைப்பான்? முத்தத்துல. நட, அளந்தே காட்டிடுவோம்."

டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஷெட்டுக்குள் வந்தாள். ஃபிட்டர் சாப்பிட்டு முடித்து ஈரக் கையோடு நின்றார். அத்தை சொல்லச் சொல்ல அவர் ஃபோன்காரர் மெஷினைச் சாக்பீஸால் தரையில் வரைந்தார். ஒன்பது இருபது. சுவருக்கு ஒரு மீட்டர் மிச்சம். அண்ணன் மாடி ஆபீஸிலிருந்து இறங்கி வந்தான்.

"பாத்தீங்களா அத்தை, அளவெடுத்த மாதிரி அடங்குது."

"குழாய எடுத்துட்டு வாங்க," என்றாள் அத்தை.

கம்பளக் கம்பெனி மாதிரிக்குக் கொடுத்த குழாய் உள்ளே வைக்க முடியாமல் வெளியே தார்ப்பாயின் கீழ் கிடந்தது. ஃபிட்டரும் நானும் தூக்கி வந்தோம். கட்டர் வரும் கோட்டில் ஒரு முனையை வைத்து மறுமுனையை நீட்டினோம். சுவரில் திறந்திருந்த கதவு வழியாக எங்கள் அறைக்குள் நுழைந்து, என் கட்டில் காலில் போய் இடித்து நின்றது.

அண்ணன் குழாயையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

"மத்த ரெண்டு பேரும் இத சொல்லவே இல்லையே."

"கேளு," என்றாள் அத்தை.

ஃபோன்காரரை அன்றைக்கு நாங்களே கூப்பிட்டோம். "மேசையா? அது கஸ்டமர் பொறுப்பு சார். நீங்கதான் செஞ்சுக்கணும்," என்றார் குஷியாக. சலுகைக்காரர், மேசைக்குத் தனி விலை, அதற்குச் சலுகை கிடையாது என்றார். ஃபோன்காரருக்கும் அதே மேசை விலையைப் போட்டு, இரண்டு பேர் விலையையும் தாளில் கூட்டினேன். கேள்விக்காரரோடு இருந்த வித்தியாசம் பாதிக்கும் கீழே இறங்கியது. அவர் கொடுக்கும் மாற்றுக் கத்திகளைக் கணக்கில் எடுத்தால் அதுவும் இல்லை.

"குறுக்கா போட்டுப் பாக்கலாமா?" என்றான் அண்ணன்.

"மூலைக்கு மூலை பதினொண்ணே கால்தான் தம்பி," என்றார் ஃபிட்டர். "அதுலயும் பத்தாது. நம்ம எல்லாரும் மெஷின தாண்டிக் குதிச்சுத்தான் வேலைக்கு வரணும்."

"அப்ப சுவர இடிக்க வேணாம். ஒரு ஓட்டை போட்டா போதும். குழாய் மட்டும் அந்தப் பக்கம் வந்துட்டுப் போகும்."

"என் தலைமாட்டுலயா? நல்லா இருக்குடா. நான் கொட்டாவி விடும்போது வாய்க்குள்ள வந்துடாதே?"

ஃபிட்டர் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டார். அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"சுவரத் தொட மாட்டேன்னு வாக்குக் கொடுத்துட்டேன். இந்த ஆர்டரே வேணாம்னு சொல்லிடறேன்."

உண்மையாகத்தான் சொன்னான். அவன் குரல் இறங்கியதில் தெரிந்தது. அந்த ஆர்டருக்காக நாலு மாதம் அலைந்திருந்தான். அத்தை டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"வாக்க நான் திருப்பித் தந்துட்டேன். சுவர இடிச்சுக்கோ. பதின்மூணு இருபதும் தாராளமா அடங்கும், ரூமோட சேத்து அளந்துட்டேன். ஆனா மாடி ரூம் எனக்கும் இவளுக்கும்."

"மாடியா? அது ஆபீஸ் அத்தை!"

"தெரியும். ரெண்டு ஜன்னல், தனி பாத்ரூம், காத்து பிச்சுக்கிட்டு வரும்."

"நான் எங்க உக்காருவேன்?"

"மெஷின் வாங்கறவன் மெஷின் பக்கத்துல உக்காரு. பசை டிரம்மத் தள்ளி வச்சா ஒரு மேசை போடலாம். வர்ற பார்ட்டிக்கும் வேலை நடக்குறது தெரியும்."

"சத்தத்துல ஃபோன் பேச முடியுமா?"

"ஃபோன்காரர்தான் இனிமே கூப்பிட மாட்டாரே."

அண்ணன் என்னைப் பார்த்தான்.

"நீ என்ன சொல்ற?"

என்னிடம் அவன் அப்படிக் கேட்டதில்லை. நான் தாளைத்தான் நீட்டினேன். நீளம் என்ற வரிசையில் மூன்று மெஷினுக்கும் மேசையைச் சேர்த்துத் திருத்தியிருந்தேன். பதின்மூன்று, பதின்மூன்று நாற்பது, பதின்மூன்று இருபது. அண்ணன் அதை நின்றபடியே முழுக்கப் படித்தான். கேள்விக்காரர் பெயர் மேல் போட்ட சிவப்புக் கோட்டைப் பார்த்து, "வேற தாள்ல சுத்தமா எழுதித் தா," என்றான்.

மாடிக்குப் போய் அவன் மேசையிலேயே எழுதினேன். மெஷின் ஆர்டரில் அவன் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அத்தை நாற்காலியில் ஏறி நின்று, ஜன்னல் இரண்டுக்கும் திரை தைக்க அளவெடுத்துக்கொண்டிருந்தாள்.