விரும்பினால் துடைக்கலாம்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. அக்காவிடமிருந்து எடுத்தது, முதலில் கேட்காமல், பிறகு திட்டு வாங்கிக்கொண்டு. அக்கா இணையதளங்களுக்கு நிரல் எழுதுகிறவள். நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். மிச்ச நேரத்தில் கதை.

"ஒரு சர்வருக்குள் நொடிக்கு ஆயிரம் பிறப்பு, ஆயிரம் இறப்பு…" (கேட்க நன்றாக இருக்கிறது. அதனாலேயே அடித்துவிட்டேன்.)

"தையல்காரம்மா போனைத் திறந்தபோது அவர் கை—" (கையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?)

நேராகவே சொல்லிவிடுகிறேன்.

2

ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம், நோயாளிகள் தங்கள் முடிவுகளைப் போனிலேயே பார்க்க ஒரு தளம் கேட்டது. அக்காவும் இன்னொருவரும் அதைச் செய்தார்கள். அந்த இன்னொருவருக்கு அலுவலகத்தில் 'சுருக்கம்' என்று பெயர். பத்து வரிக் கேள்விக்கு "ம்" என்று பதில் எழுதுவார்.

நீங்கள் ஒரு பக்கத்தைத் திறந்ததும் சர்வர், அதாவது தளம் ஓடும் கணினி, அதைப் பல பாகங்களிலிருந்து கோத்துத் தருகிறது: மேலே பெயர், நடுவில் முடிவுகளின் அட்டவணை, கீழே பொத்தான். ஒவ்வொரு பாகமும் உருவாக வேண்டும், தகவலை நிரப்பிக்கொள்ள வேண்டும், தன்னை வரைந்து தர வேண்டும். எந்தப் பாகத்தை யார் எழுதினாலும் இந்த மூன்று கட்டங்களும் இருந்தே ஆகவேண்டும் என்ற ஒப்பந்தத்துக்குப் பெயர் இன்டர்ஃபேஸ். ஒன்று குறைந்தாலும் நிரல் ஓட மறுத்துவிடும். அந்த ஒப்பந்தத்தை வகுத்தவள் அக்கா.

ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்கினால் தளம் மெதுவாகிறது என்று, வேலை முடிந்த பாகத்தையே அடுத்தவருக்கும் கொடுப்பதாக முடிவானது. அப்படியானால் முந்தையவரின் தகவலை அழிக்க 'துடை' என்று நான்காவதாக ஒரு கட்டமும் வேண்டும் என்றாள் அக்கா. சுருக்கம் ஒப்பவில்லை. பொத்தானில் துடைக்க என்ன இருக்கிறது, ஐம்பது பாகங்களில் உட்கார்ந்து வெறுமனே 'துடை' என்று எழுதிக்கொண்டிருப்பதா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். (அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றுதானாம்.) இரண்டு நாள் வாக்குவாதத்துக்குப் பின் அக்கா இறங்கிவந்தாள். அவளே குறிப்பும் எழுதினாள்: கட்டாயமில்லை, விரும்பினால் துடைக்கலாம்.

3

ஒரு நாள் நண்பகலில் தையல்காரம்மா ஒருவர் தன் முடிவைத் திறந்தார். அது இன்னும் தயாராகவில்லை. நிரப்ப ஒன்றும் இல்லாததால், அட்டவணை தனக்குள் கிடந்ததையே காட்டியது. மேலே இவர் பெயர். கீழே, சற்று முன் பார்த்த யாரோ ஒருவரின் எண்கள். அடியில், ரத்தப் புற்றுநோய்க்கான சந்தேகம், உடனே மருத்துவரைப் பார்க்கவும் என்ற வரி.

நாலு மணிக்குக் கூடத்துக்குப் போய்க் காட்டியபோதுதான் அது வேறொருவருடையது என்று தெரிந்தது. இடையில் அந்த அம்மா அழவில்லை. இன்னும் வெட்டாத துணிகளையெல்லாம் தனித்தனியாகக் கட்டி, பெயர் எழுதி, ஒவ்வொருவருக்கும் போன் செய்து, வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார். மகளுக்கு மட்டும் போன் செய்யவில்லை.

4

"அட்டவணையை எழுதிய சுருக்கம் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அவள் பார்வையே—"

(முதல் வரைவில் இருந்த பத்தி. என் லட்சணம் தெரியட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.)

வரைவை வாங்கி நின்றபடியே படித்த அக்கா, இந்த இடம் வந்ததும் காகிதத்தைத் தாழ்த்தினாள்.

"இதை உனக்கு யாருடா சொன்னா?"

யாரும் சொல்லவில்லை, கதைக்குப் பொருத்தமாக இருந்தது என்றேன்.

"அட்டவணை எழுதினது நான்டா. துடைக்கணும்னு ரெண்டு நாள் தொண்டை கிழியக் கத்தினதும் நான்தான், துடைக்க மறந்ததும் நான்தான். அவர் எழுதினதுல எங்கெல்லாம் துடைக்கணுமோ அங்கெல்லாம் துடைச்சிருந்தாரு."

காகிதத்தை என்னிடம் திருப்பித் தந்துவிட்டு, "தெரியாதவங்களுக்குத்தான் கட்டாயம் வேணும்னு நினைச்சேன்" என்றாள்.

அதுவரை நான் எழுதியிருந்த அக்கா எனக்குச் சௌகரியமானவள். அவளை அடித்துவிட்டு இவளை எழுதுகிறேன்.

5

தவறு தெரியவந்த அன்று மாலையே நான்காவது கட்டத்தைக் கட்டாயமாக்கினார்கள். பல பாகங்கள் ஓட மறுத்தன. இருவரும் ஒவ்வொன்றாகத் திறந்து எழுதினார்கள், பொத்தானுக்கும்கூட.

தையல்காரம்மாவுக்கு ஒரு கடிதம் அனுப்பினால் போதும் என்றார் மேலாளர். அக்கா நேரில் போனாள். தையல்காரம்மாவின் முடிவு அதற்குள் வந்திருந்தது. அவருக்கு ஒரு குறையும் இல்லை. அக்கா தன் தவறை மழுப்பாமல் சொன்னாள். அவர் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். திட்டவில்லை.

"எனக்கு ஒண்ணுமில்லம்மா, சரி. அந்த நம்பரெல்லாம் யாரோடது? அவங்க பாத்துட்டாங்களா? கூட யாராச்சும் இருக்காங்களா?"

அக்காவுக்குப் பெயர் தெரியும். சொல்லக் கூடாதம்மா என்றாள்.

"நாலு மணி நேரம் அவங்களா இருந்தது நான்தானே" என்றார் தையல்காரம்மா.

பிறகு ஒரு துண்டுச் சீட்டில் தன் போன் நம்பரை எழுதிக் கொடுத்தார். அவங்களுக்கு யார்கிட்டயாச்சும் பேசணும்னு இருந்தா பேசட்டும் என்றார்.

6

அக்கா அந்தச் சீட்டைப் பரிசோதனைக் கூடத்து மருத்துவரிடம் ஒப்படைத்தாள். உரியவரிடம் சேர்ப்பதாக அவர் சொன்னார். இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

போன் வந்ததாக ஒரு முடிவு எழுதினேன். வராததாக ஒன்று. இரண்டையும் கிழித்துவிட்டேன். அந்த எண்களுக்கு உரியவரைப் பற்றி நான் எதை எழுதினாலும் பொய். ஆனால் அவரும் எங்கேயோ இருக்கிறார், ஒருவேளை இதைப் படிக்கவும் செய்யலாம். யாரென்றே தெரியாத ஒருவரின் நம்பர் எழுதிய சீட்டு உங்களிடம் வந்திருந்தால், அதை எழுதியவர் விளையாட்டுக்குத் தரவில்லை. இந்தக் கதையின் முடிவும் என்னிடம் இல்லை, உங்களிடம்தான் இருக்கிறது.