யாருடைய முட்டி?

கோவில்பதாகையில் ஓர் ஐந்து மாடிக் குடியிருப்பு. அதன் மொட்டைமாடியில் ஞாயிறுதோறும் தியான வகுப்பு. நடத்துபவர் தட்சிணாமூர்த்தி, குடியிருப்போர் சங்கச் செயலாளரும் அவர்தான்.

வகுப்பில் சம்மணமிட்டிருந்த கனிமொழிக்கு வலது முட்டி தெறித்தது. காலை நீட்டக் கூடாது, வலியைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அதுதான் பயிற்சி. பார்த்தாள். ஒரே கட்டியாகத் தெரிந்த வலி முதலில் சூடாயிற்று. சூட்டுக்குள் ஒரு துடிப்பு. இரண்டு துடிப்புக்கு நடுவே சின்ன ஓய்வு. அவ்வளவுதான். 'என்னுடைய' என்று ஒன்றை எங்கே தேடியும் காணோம். மிக்ஸியை முழுக்கக் கழற்றிப் போட்டால், மோட்டார் இருக்கும், பிளேடு இருக்கும். மிக்ஸி என்று தனியாக எதுவும் கிடைக்காதே, அதுபோல. புத்தர் சொன்னது இத்தனை எளிதா என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"வலி இருக்கு, வலிக்கிற ஆள் இல்ல," என்றார் தட்சிணாமூர்த்தி. "இப்ப கண்ணைத் திறங்க. எல்லம்மா, வா."

படிவாசலில் எல்லம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கனிமொழி வீட்டிலும் இன்னும் சில வீடுகளிலும் வேலை செய்பவள். 'வேலையாட்கள் லிஃப்டில் ஏறக் கூடாது' என்று சங்கம் ஒட்டிய அட்டையை மீறி நேற்று ஏறிவிட்டாள். அவளுடைய கேட் பாஸ் வாட்ச்மேன் இருதயராஜிடம் போய்விட்டது. பாஸ் இல்லையென்றால் வேலை இல்லை.

"எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேளு. தண்டனைன்னு நினைக்காத, 'நான்'ங்கிறது கரையும். கேக்கலன்னா பாஸ் கேன்சல்."

"முட்டி தாங்கல சார், ஏறிட்டேன். இதுல இன்னா தப்பு கீது?"

"பாத்தீங்களா, 'நான்' எப்படித் துள்ளுது!"

கனிமொழிக்குக் கொதித்தது. "சார், என் முட்டியில 'என்னுது' கிடைக்கல. அவங்க முட்டி மட்டும் எப்படி 'அவங்களுது' ஆச்சு? ஆளே இல்லன்னா, எந்த முட்டியில இருந்தாலும் வலி வலிதானே? அதப் போக்கணும்தானே?"

"கோபப்படறியேம்மா. யாருக்குக் கோபம்னு கவனி."

"கவனிச்சாச்சு. யாருக்கும் இல்ல. ஆனா கோபம் இருக்கு. லிஃப்டுல அட்டையும் இருக்கு. நீங்க கரைக்கிற 'நான்' எப்பவும் அடுத்தவங்களோடதுதானா சார்? வெக்கமா இல்ல?" எழுந்தாள். "வாங்கக்கா."

மொட்டைமாடியிலிருந்து படியிறங்கியதும் ஐந்தாம் மாடியில் லிஃப்ட் திறந்தது. இருவரும் ஏறினார்கள். வகுப்பிலிருந்த ஷாகிதாவும், "எனக்கும் முட்டிதான்," என்று நுழைந்துகொண்டாள்.

"இப்பவே வாட்ச்மேன்கிட்ட சொல்றேன்!" என்று தட்சிணாமூர்த்தி பின்னாலேயே வந்தார்.

"வாங்க சார், இடம் இருக்கு," என்றாள் ஷாகிதா.

அவர் அட்டையைப் பார்த்தார். எல்லம்மாவைப் பார்த்தார். படிக்கட்டுப் பக்கம் திரும்பினார்.

இறங்குவதற்குள் கனிமொழி அட்டையைக் கிழித்திருந்தாள். கீழே இருதயராஜ் பாஸைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். "செயலாளர் சொல்லணுமேம்மா."

காத்திருந்தார்கள். படியில் செருப்புச் சத்தம் இடறி இடறி வந்தது. ஒரு கை சுவரிலும் மறு கை முட்டியிலுமாக வந்து நின்றார் தட்சிணாமூர்த்தி. வாயைத் திறந்தார், மூச்சுத்தான் வந்தது.

"இன்னா சார், முட்டி வலிக்குதா?" என்றாள் எல்லம்மா. "யாருக்கு வலிக்குதுன்னு தேடிப் பாரு."

இருதயராஜ் சிரிப்பை மென்று விழுங்கிக்கொண்டு பாஸை அவளிடம் நீட்டினார். தட்சிணாமூர்த்தி தடுக்கவில்லை. எல்லம்மா அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு லிஃப்டுக்குள் போனாள். கதவு மூடாதபடி பொத்தானை அழுத்திப் பிடித்தாள்.

"நீயும் மேல போவணுமே. வர்றியா சார்?"