ஆற்றை ரத்தம்?

இந்தமுறை இரத்தம் வேண்டாம் என்று சொன்னவன் தம்பிஐயா அல்ல. அவன் கொடுத்துவிட்டு, முழங்கையை மடித்துப் பஞ்சை அமத்திப் பிடித்தபடி ஆஸ்பத்திரி விறாந்தையில் வந்து நிற்கிறான். வேண்டாம் என்றவர் அவனுடைய மாமனார் ஆழ்வாப்பிள்ளை. அதையும் எங்கே நின்று சொன்னார்? பிள்ளை பெற்ற கையோடு உதிரப்போக்கு நில்லாமல் அவருடைய இளைய மகள் ஞானாம்பிகை பேச்சு மூச்சில்லாமல் கிடக்கிற அறையின் வாசலில் நின்று சொன்னார்.

"என்ன மாமா சொல்லுறியள்?" என்றான் தம்பிஐயா. தன் காதில் விழுந்தது சரிதானா என்று அவனுக்கே ஐயம்.

"வேண்டாமெண்டு சொன்னனான். உன்ரை ரத்தம் என்ரை பிள்ளைக்கு வேண்டாம்."

தம்பிஐயா இதற்கு ஆயத்தமாகத்தான் வந்திருந்தான். மாமனார் தன்னைக் கண்டதும் ஏசுவார், அடித்தாலும் அடிப்பார், மூத்த மகளைக் கொன்றவன் என்று ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கக் கத்துவார் என்றெல்லாம் கோப்பாயிலிருந்து சைக்கிள் மிதித்து வரும்போது வழிநெடுக நினைத்துக்கொண்டே வந்தான். அவர் சொன்னால் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். உண்மை அப்படி.

அவன் பரம்பரைச் சைவக்காரன், புகையிலைத் தோட்டக்காரன். பூரணத்தைக் கட்டிய புதிதில் செபநாயகம் என்றொரு போதகர் தோல்பையோடு வந்து படலையைத் தட்டினார். சின்னஞ்சிறிய கிறிஸ்தவ வேதக் கூட்டம் அது. கோபுரமும் இல்லை, மணியும் இல்லை, ஓர் ஓலைக் கொட்டில்தான். உயிர் இரத்தத்தில் இருக்கிறது, அது கடவுளுக்கே உரியது, செத்தாலும் இன்னொருவருடைய இரத்தத்தை உடம்பில் ஏற்றக்கூடாது என்பது அவர்களுடைய கட்டளை. தம்பிஐயாவை இழுத்தது அந்தக் கட்டளை என்று சொன்னால் பொய். கூட்டம் முடிந்ததும் எல்லாரும் ஒரே நீள மர வாங்கில் நெருங்கி இருந்து, ஒரே மாதிரிக் கோப்பையில் தேத்தண்ணீர் குடிப்பார்கள். தாழ்ந்த சாதி என்று ஊரில் தேங்காய்ச் சிரட்டையில் வாங்கிக் குடிக்கிறவனும் அங்கே கோப்பையில் குடித்தான். கோயிலுக்குள் விடு, தேத்தண்ணீர்க் கடைக்குள் விடு என்று ஊருக்கு ஊர் சண்டை நடந்த காலம். அந்த வாங்கைக் கண்டதும் அவனுக்கு மனம் நிறைந்துபோனது. அதற்காகக் கட்டளையையும் சேர்த்து விழுங்கிவிட்டான்.

மூன்று வருடத்துக்கு முன் பூரணத்துக்குக் கரு கலைந்தது. இதே ஆஸ்பத்திரிதான். இரத்தம் ஏற்றினால் பிழைப்பாள் என்று டொக்டர் சொன்னார். தம்பிஐயா வணக்கமாக, பாடம் ஒப்புவிப்பதுபோல, "எங்கடை வேதத்திலை இல்லை ஐயா" என்றான். பொழுது சாயமுன் அவள் போய்விட்டாள்.

செத்தவீட்டில் ஆழ்வாப்பிள்ளை நெஞ்சில் அடித்துக் குழறியதை அவருடைய உடுப்பிட்டி ஊர்ச் சனம் இன்னும் மறக்கவில்லை. "உவன்ரை வேதம் என்ரை பிள்ளையைக் குடிச்சுப்போட்டுது!" என்று கத்தி, மருமகனைக் கழுத்தில் பிடித்துப் படலைக்கு வெளியே தள்ளினார். பிறகு அவன் கூட்டத்துக்கும் போகவில்லை. விட்டுப் போனவனோடு கதைப்பதில்லை என்பது அவர்களுடைய ஒழுங்கு. செபநாயகம் சந்தையில் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை என்று ஆனான்.

அப்படி ஆனபின்தான் ஒருநாள் தானாகவே ஆஸ்பத்திரிக்கு வந்து இரத்தம் கொடுத்தான். ஊசி ஏறியபோது கூட்டத்தில் படித்த செபம் வாயில் தானாக வந்தது. கூட்டத்தை விட்ட பிறகும் உள்ளுக்குள் கிடக்கிற பயம் அது. மரியநாயகி என்ற நேர்ஸ், "உங்கடை ஓ வகை. அநேகமா எல்லாருக்கும் பொருந்தும்" என்று சிரித்துக்கொண்டு சொன்னாள்.

"அப்ப என்ரை மனுசிக்கும் பொருந்தியிருக்குமோ?"

"ஓம், பொருந்தியிருக்கும்" என்றாள், ஒன்றும் அறியாமல். தம்பிஐயாவுக்கு அந்தக் கட்டிலை விட்டு எழும்ப நெடுநேரம் பிடித்தது. அதற்குப் பிறகு எப்போது கூப்பிட்டாலும் ஓடிவந்து கொடுப்பான்.

இன்றைக்கு அவனுக்கு ஆள் விட்டவள் மாமியார் இரத்தினம்மா, புருசனுக்குத் தெரியாமல். ஞானாம்பிகையின் கணவன் கொழும்பில் கிளாக்கர். தந்தி போயிருக்கிறது, ஆள் வந்துசேர நாளைக்காகும். ஆகவே சம்மதம் சொல்லவேண்டியவர் தகப்பன். போத்தலோ உள்ளே சோதித்துப் பார்த்து ஆயத்தமாக இருக்கிறது.

"மாமா, நான் அந்தக் கூட்டத்தை விட்டிட்டன்" என்றான் தம்பிஐயா. "பூரணத்துக்குச் செய்தது பிழைதான். என்னை என்ன வேணுமெண்டாலும் செய்யுங்கோ. இப்ப தங்கச்சியைக் காப்பாத்துவம்."

"விட்டிட்டாய். குடிச்ச தேத்தண்ணி உன்னை விட்டிட்டுதோ?"

தம்பிஐயாவுக்கு விளங்கவில்லை. "என்ன தேத்தண்ணி?"

ஆழ்வாப்பிள்ளை குரலைத் தாழ்த்தினார். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார். "கண்ட கண்ட சாதியளோடை ஒரே கோப்பையிலை குடிச்சுத் திரிஞ்சனீ. உன்ரை உடம்பிலை ஓடுறது இப்ப ஆற்றை ரத்தம்? அதை என்ரை பிள்ளையின்ரை உடம்பிலை விட்டால் நாளைக்கு என்ரை வீட்டிலை ஆர் கை நனைப்பினம்? உடுப்பிட்டியிலையிருந்து எங்கடை பொடியள் வரட்டும். அவங்கள் குடுப்பாங்கள்."

யாருடைய இரத்தம் என்று கேட்கிறார்! பூரணத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை! கொலைகாரன் என்று ஏசுவார் என்று பார்த்தால், கோப்பையைப் பற்றிக் கதைக்கிறார். மகள் உள்ளே சாகக் கிடக்கிறாள், மனுசன் தேத்தண்ணீருக்குக் கணக்குப் பார்க்கிறார்.

மரியநாயகி கதவைத் திறந்துகொண்டு வந்தாள். "ஐயா, என்ன முடிவு? இனிச் சுணங்கேலாது."

"பொறுங்கோ பிள்ளை. எங்கடை ஆக்கள் வருகினம்."

அவ்வளவு நேரமும் சுவரோடு சாய்ந்து நின்ற இரத்தினம்மா அப்போதுதான் வாய் திறந்தாள். புருசனுக்கு எதிரே குரல் உயர்த்தி யாரும் கேட்டிராத மனுசி.

"இஞ்சாருங்கோ, அண்டைக்கும் இதைத்தானே கேட்டனீங்கள். ஆற்றை ரத்தம் எண்டு."

"வாயை மூடு."

"மூடித்தானே வைச்சிருந்தனான். என்ரை ஒரு பிள்ளை போயிட்டுது." அவள் மருமகன் பக்கம் திரும்பினாள். "தம்பி, அண்டைக்கு நீங்கள் மாட்டனெண்டிட்டு உங்கடை ஆக்களோடை பின் விறாந்தையிலை செபம் பண்ணிக்கொண்டு நிண்டியள். டொக்டர் இவரிட்டை வந்தவர். 'புருசன் மறுக்கிறான், தகப்பன் நீங்கள் சொல்லுங்கோ, நான் ஏத்திறன்' எண்டு கையைப் பிடிச்சுக் கேட்டவர். எங்கடை பனை சீவிற சின்னவன் கேள்விப்பட்டு ஓடியந்து ரத்தம் குடுத்துப்போட்டு, உங்களைப்போலத்தான், பஞ்சை அமத்திக்கொண்டு இந்த இடத்திலை நிண்டவன். இவர் அவனைப் பார்த்து, 'ஆற்றை ரத்தம்?' எண்டு என்ரை காதுக்குள்ளை கேட்டார். 'மருமோன் சொன்னதுதான் எங்கடை முடிவு' எண்டு டொக்டருக்குச் சொன்னார்."

தம்பிஐயாவின் கையிலிருந்து பஞ்சு கீழே விழுந்தது. ஊசி குத்திய இடத்திலிருந்து ஒரு துளி கசிந்து மணிக்கட்டு வரைக்கும் வழிந்தது. அவன் அதைத் துடைக்கவில்லை.

செத்தவீட்டில் அடித்துக் குழறிய நெஞ்சா இது? கழுத்தில் பிடித்துத் தள்ளிய கையா இது? மூன்று வருடம் ஊர் முழுக்க மருமகனைக் காட்டி, தான் செய்ததை மருமகனின் முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்த மனுசன்! அடிக்கவேண்டும் என்றுதான் முதலில் வந்தது. கையும் எழும்பியது. ஆனால் முதல் "மாட்டன்" தன்னுடையதுதானே. அந்த நினைப்பு வந்ததும் கை தானாக இறங்கிவிட்டது. தன் பிழை பாதியாகக் குறைந்ததாகவும் அவனுக்குத் தோன்றவில்லை. ஒருத்தி இரண்டு தரம் கொல்லப்பட்டிருக்கிறாள் என்றுதான் தோன்றியது.

இரத்தினம்மா நேர்ஸுக்கு முன்னால் போய் நின்றாள். "நான் தாய். நாலாம் வகுப்பு மட்டும் படிச்சனான், கையெழுத்துப் போடத் தெரியும். எங்கை போடவேணும், காட்டுங்கோ."

ஆழ்வாப்பிள்ளை அவளுடைய கையைப் பிடிக்கப் போனார். மனுசி பார்த்த பார்வையில் அப்படியே நின்றுவிட்டார்.

ஞானாம்பிகை பிழைத்தாள். பிள்ளையும் சுகம். பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிந்த பிறகு இரத்தினம்மா மருமகனை வீட்டுக்கு வரச் சொன்னாள். தன்னைத் தள்ளிவிட்ட படலைக்குள் தம்பிஐயா மறுபடியும் கால் வைத்தான். ஆழ்வாப்பிள்ளை கதிரையில் இருந்தார். ஏசவுமில்லை, வா என்று சொல்லவுமில்லை. பேரப்பிள்ளை மடியில் கிடந்து சிணுங்கிக்கொண்டிருந்தது. மனுசன் மாறியிருப்பார் என்று தம்பிஐயா எண்ணிக்கொண்டான். சாக இருந்த பிள்ளை வீட்டில் நடமாடுவதைப் பார்த்த பிறகும் மாறாத தகப்பன் உண்டா?

ஞானாம்பிகை மூக்குப்பேணியில் தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். முகம் இன்னும் வெளிறித்தான் இருந்தது. முதலில் தகப்பனிடம் நீட்டினாள்.

அவர் பேணியைப் பார்த்தார். அவளுடைய கையைப் பார்த்தார். பிறகு முற்றத்தைப் பார்த்துக்கொண்டு, "உன்ரை அம்மாவைக் கொண்டுவரச் சொல்லு" என்றார்.

தம்பிஐயா அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அடுக்களை வாசலில் நின்ற இரத்தினம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவர் பயந்துபோய் அப்படிச் சொன்னார் என்று மனதின் ஒரு மூலையில் இரண்டு பேருமே நம்பியிருந்தார்கள். அந்த நம்பிக்கைக்கும் இப்போது வழியில்லை.

ஞானாம்பிகை நீட்டிய கையை மடக்கவில்லை.

"அப்பா, அம்மா எல்லாம் சொன்னவ. அண்டைக்குச் சின்னவன்ரை ரத்தத்தை ஏத்தி அக்கா தப்பி வந்திருந்தா, அவவின்ரை கையாலையும் குடிச்சிருக்க மாட்டியள், என்ன?"

ஆழ்வாப்பிள்ளையின் மடியில் கிடந்த பிள்ளை அழத் தொடங்கியது. இரத்தினம்மா வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். தம்பிஐயா எழும்பிப் போய் ஞானாம்பிகையின் கையிலிருந்த பேணியை வாங்கிக் குடித்தான்.